கணினியின் முதற்பாடம் எங்கே தொடங்க வேண்டும்?

கணினி கற்பது பிள்ளைகளுக்கு உரிய காரியம் என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. உயர்தர மாணவர்கள் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். ஆகவே கணினிக் கல்விக்கு வேண்டிய ஏற்பாடு நடந்துவிட்டது என்று பெரியவர்கள் ஆறுதலடைகின்றனர். ஆனால், இன்று கணினியின் முன் அமர்ந்து அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் திகைப்பவர்கள் அந்தப் பிள்ளைகளல்லர். அவர்களது தாய் தந்தையரே ஆவர்.

வன்னிப் பெருநிலப்பரப்பில், கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் வட்டக்கச்சியை எடுத்துக்கொள்வோம். இன்று அங்கு நாற்பத்தைந்து வயதை எட்டியிருக்கும் ஒருவரின் பள்ளிப் பருவம் 1990களில் கழிந்தது. அக்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் பெரும் தட்டுப்பாடு. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும், குப்பி விளக்கின் ஒளியில் பரீட்சைக்குப் படித்தவர்களும் வாழ்ந்த காலம் அது. உலகின் ஏனைய பகுதிகளில் இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது கணினியும் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கடந்து 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் தொடக்கத்தில் வட்டக்கச்சி மக்கள் ஊரை விட்டு முல்லைத்தீவுக் கரையை நோக்கி நகர்ந்தனர். பின்னர் வவுனியா முகாம்களில் காலம் கழித்து, வெறுங்கையுடன் ஊர் திரும்பினர்.

இத்தலைமுறையினருக்கு இல்லாமற் போனது அறிவன்று, வாய்ப்பு மட்டுமே. கணினி என்றால் 'எங்களுக்கு விளங்காது' என்று அவர்களே சொல்லிக்கொள்வது கவலைக்குரியது. விளங்காத பொருள் எதுவும் அதில் இல்லை. பாடம் தொடங்கும் இடம்தான் பிழைத்துவிட்டது.

ஏன் இப்போது?

அஞ்சல் வழியே அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் பல இன்று இணையவழிக்கு மாறிவிட்டன. பரீட்சைப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியாகின்றன. 2022 ஜூலையில் எரிபொருள் நெருக்கடி உச்சமடைந்தபோது, தேசிய எரிபொருள் அனுமதி முறையின் கீழ் கியூ.ஆர். குறியீடு பெற்றவருக்கே பெற்றோல் நிலையத்தில் எரிபொருள் கிடைத்தது. அம்முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டபோதும், அது புகட்டிய பாடம் நீங்கவில்லை. 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, விடுபட்டவர்களின் முறையீடுகளும் இணையவழியில் ஏற்கப்பட்டன. உதவி மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே அந்த வழி பழக்கமற்றதாக இருந்தது.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2021 ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 முதல் 69 வயது வரையானோரில் கணினி அறிவு பெற்றவர்கள் 34.3 சதவீதத்தினர் மட்டுமே. ஒருவர் தாமாகவே கணினியைப் பயன்படுத்தக்கூடியவராக இருந்தாற் போதும், அவரைக் கணினி அறிவுடையவராகத் திணைக்களம் கொள்கின்றது. இத்துணை எளிய அளவுகோலின்படியும் மூவரில் ஒருவரே தேறுகின்றார். கையடக்கத் தொலைபேசியையும் சேர்த்துக் கணிக்கப்படும் எண்ணியல் அறிவு அதே ஆண்டில் 57.2 சதவீதமாக இருந்தது. தொலைபேசியைக் கையாளத் தெரிந்தும் கணினியை அணுகாதவர்கள் பெருந்தொகையினர் என்பதே இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பொருள்.

'கையில் தொலைபேசி இருக்கின்றதே, கணினி எதற்கு?' என்று கேட்கலாம். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் தொலைபேசி போதும். நான்கு பக்க விண்ணப்பத்தை நிரப்பவும், கடிதமொன்றை ஒழுங்காக எழுதவும், ஒரு போகத்தின் கணக்கைப் பதியவும் கணினியே வசதியானது.

கணினி தெரியாதவர் என்ன செய்கின்றார்? கொமியூனிக்கேஷன் கடைக்குப் போகின்றார். அங்குள்ள இளைஞர் அவருக்காக மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறக்கின்றார். கடவுச்சொல்லையும் தாமே இடுகின்றார். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புகின்றார். வேலை முடிகின்றது. ஆறு மாதங்களின் பின் அதே கணக்கு மீண்டும் தேவைப்படும்போது கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. அந்த இளைஞரும் வேறு வேலைக்குப் போயிருப்பார். இதில் எவருடைய நேர்மையையும் ஐயுற வேண்டியதில்லை. தம் வீட்டுத் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவரின் நிலை இது.

முதலில் நீங்க வேண்டியது அச்சம்

எமது கணினி வகுப்புகள் பல, கணினியின் வரலாற்றிலிருந்தும் பாகங்களின் பெயர்களிலிருந்தும் தொடங்குகின்றன. முதலாந் தலைமுறை, இரண்டாந் தலைமுறை என்று மனனஞ் செய்து சான்றிதழ் பெற்ற பின்னரும், ஒரு கடிதத்தைச் சேமித்து மறுநாள் தேடி எடுக்கத் தெரியாதவர்கள் உள்ளனர். வயது வந்த ஒருவர் தமக்கு ஒரு தேவை இருப்பதனால் கற்க வருகின்றார். அத்தேவையிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும்.

முதல் நாளில் 'எதையாவது அழுத்திப் பழுதாக்கிவிடுவேனோ' என்ற அச்சம் நீங்கினாற் போதும். சாவிப்பலகையின் பொத்தான்களை அழுத்துவதனால் கணினி பழுதடைவதில்லை. கொன்ட்ரோல் என்று குறிக்கப்பட்ட சாவியை அழுத்திப் பிடித்தவாறு 'இசட்' சாவியைத் தட்டினால், எழுதும்போதோ திருத்தும்போதோ இறுதியாகச் செய்த மாற்றம் நீங்கி முன்னிருந்த நிலை திரும்பும். தவறுதலாக அழித்த கோப்பு பெரும்பாலும் மீள்சுழற்சித் தொட்டிக்குள் கிடக்கும், அங்கிருந்து மீட்கலாம். பென்ட்ரைவிலிருந்து அழித்தவை அத்தொட்டிக்குள் வருவதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சுட்டியைப் பழகுவது அடுத்த படி. இடப்பக்கப் பொத்தானை ஒருமுறை சொடுக்கினால் ஒரு பொருள் தெரிவாகும். விரைந்து இருமுறை சொடுக்கினால் திறக்கும். வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கினால் அப்பொருளைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் தோன்றும். மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டால் சுட்டியைத் தூக்கி நடுவில் வைத்து மீண்டும் நகர்த்தலாம். இதனை ஒருவரும் சொல்லிக்கொடுக்காததால் முதல் நாளே மனந்தளர்ந்தவர்கள் உண்டு.

மூன்றாவதாக, சேமித்தல். கணினியில் இருவகை இடங்கள் உள்ளன. நாம் எழுதிக்கொண்டிருப்பது தங்கும் நினைவகம் ஒரு கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றால் அதிலுள்ளது அழிந்துவிடும். சேமிப்பகம் வீட்டு அலுமாரி போன்றது. மின்சாரம் இல்லாதபோதும் வைத்தது வைத்தபடி இருக்கும். சேமித்தல் என்பது கரும்பலகையில் எழுதியதைத் தாளில் படியெடுத்து அலுமாரியில் வைப்பதாகும். கொன்ட்ரோல் சாவியுடன் 'எஸ்' சாவியைத் தட்டினால் அது நிறைவேறும். மழைக்கும் இடிக்கும் மின்சாரம் தடைப்படும் ஊர்களில், சில வரிகளுக்கு ஒருமுறை கை தானாகவே அச்சாவிகளைத் தேடும் பழக்கம் வரவேண்டும்.

ஆவணங்களைக் காக்கும் கலை

இப்போது தேவைக்கு வருவோம். இடப்பெயர்வுகளின்போது வன்னி மக்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் காணிப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தனர். ஆனாலும் நீரேரியிலும் பதுங்குகுழியிலும் எரிந்த வீடுகளிலும் எத்தனையோ குடும்பங்களின் ஆவணங்கள் அழிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுக்கும் இத்துயரம் அந்நியமானதன்று. புத்தளத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்துவிட்டு முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் திரும்பியவர்கள், தமது காணி தமதே என்பதை நிறுவுவதற்கு ஒரு தாளைத் தேடி அலைய நேர்ந்தது. தாளின் பெறுமதியை இவ்விரு சமூகங்களும் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திரார்.

ஆதலால், வயது வந்தோருக்கான கணினிப் பாடத்தில் முதற் பயிற்சி, தமது குடும்ப ஆவணங்களைத் தாமே படியெடுத்துக் காப்பதாக இருக்கட்டும். வருடி என்னும் கருவியாலோ கையடக்கத் தொலைபேசியின் கமராவாலோ ஒவ்வோர் ஆவணத்தையும் படமாக்கலாம். ஒவ்வொரு படமும் கணினியில் ஒரு கோப்பு. கோப்புகளை இட்டுவைக்கும் உறை கோப்புறை. குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு கோப்புறை என்று திறந்து, 'மகள் பிறப்புச் சான்றிதழ்', 'காணி அனுமதிப்பத்திரம் முன்பக்கம்' என்று விளங்கும் பெயர்களை இட வேண்டும். கணினி தானாக இடும் எண் வரிசைப் பெயரை அப்படியே விட்டுவிட்டால், தேவைப்படும் நாளில் நூறு படங்களைத் திறந்து பார்க்க நேரும்.

ஒரு பக்கத்தின் படம் ஒரு மெகாபைட் அளவினதாக இருந்தால், 16 கிகாபைட் பென்ட்ரைவ் ஒன்றில் பதினைந்தாயிரம் பக்கங்களுக்கு மேல் அடங்கும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஆவணங்களுக்கும் அது தாராளம். இருப்பினும் ஒரு பிரதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. துறைசார்ந்தோர் சொல்லும் விதி எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். கணினியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, மின்னஞ்சலிலோ வேறூரிலுள்ள சகோதரரிடமோ ஒன்று என வைத்துக்கொள்ளலாம். படம் மூல ஆவணத்துக்குச் சட்டப்படி ஈடாகாது; ஆனால் பதிவிலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும் அதில் உள்ளமையால், மூல ஆவணம் தொலைந்தாலும் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறுவது எளிதாகும்.

தமிழில் எழுதுதல்

ஆங்கிலம் தெரியாமல் கணினி கற்க முடியாது என்பது மற்றொரு தடை. இது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். இலங்கையில் நீண்டகாலம் பாமினி போன்ற எழுத்துருக்களே பயன்பட்டன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் அணிவித்தவை. பாமினியில் 'தமிழ்' என்று எழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தெரியும். ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றவர் படிக்க முடியாமற் போனதற்கு இதுவே காரணம்.

யுனிக்கோட் முறை இச்சிக்கலைத் தீர்த்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்த எண் வழங்கும் இம்முறையில், 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 'அ' எழுத்தின் எண் 2949. எந்த நாட்டில், எந்தக் கணினியில் திறந்தாலும் அது 'அ' ஆகவே தோன்றும். பழைய பாமினிக் கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றுவதற்கு, ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் மாற்றி பெரிதும் உதவியது. இலங்கையில் தமிழ்த் தட்டச்சாளர்கள் பழகிய ரெங்கநாதன் விசை ஒழுங்கைத் தழுவி, 2008 இல் தமிழ்ச் சாவிப்பலகைக்கான இலங்கைத் தரம் வகுக்கப்பட்டது. ஆங்கில ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் முறையும் உண்டு. இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு நாளொன்றுக்கு அரைமணி நேரம் பழகினால், சில வாரங்களில் கை பிடிபட்டுவிடும்.

தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்தைத் தமிழிலேயே தட்டெழுதி அச்சிட்டுக் கொடுக்கலாம். முதல் வாரத்தின் எழுத்துப் பயிற்சி அத்தகைய ஒரு கடிதமாகவே இருக்கட்டும். அதன் பின்னர் படிப்பதற்கும் தமிழில் ஏராளம் உள்ளது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முன்னோடி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இலவசமாகப் படிக்கலாம். முஸ்லிம் சமூகத்தின் எழுத்துகளுக்கும் ஆவணங்களுக்கும் அங்கு இடமுண்டு.

போகத்தின் கணக்கு

விவசாயிக்குக் கணினி தரும் பெரும் பயன் விரிதாள். கட்டங்களால் ஆன இத்தாளில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்கள் அனைத்தும் தாமாகவே மாறும். ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு ஏக்கர் சிறுபோகச் செய்கைக்கு உழவு 30,000 ரூபா, விதைநெல் 24,000, பசளை 40,000, கிருமிநாசினி 16,000, அறுவடை 30,000 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இடுகின்றோம். கூட்டுத்தொகை 140,000. விளைச்சல் 3,500 கிலோ எனில், ஒரு கிலோ நெல்லின் உற்பத்திச் செலவு 40 ரூபா. இப்போது பசளைக்குரிய கட்டத்தில் மட்டும் 75,000 என்று மாற்றுவோம். மறுகணம் கூட்டுத்தொகை 175,000 ஆகவும், கிலோ ஒன்றின் செலவு 50 ரூபாவாகவும் மாறிவிடும். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை விதிக்கப்பட்டதையும் அதன்பின் ஏறிய விலைகளையும் கண்ட விவசாயிக்கு இந்தப் பத்து ரூபாவின் பொருள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எந்த விலைக்குக் கீழே விற்றால் நட்டம் என்பதை வியாபாரி வாசலுக்கு வருமுன்னரே அவர் அறிந்திருப்பார்.

கடவுச்சொல் யாருடையது?

மின்னஞ்சல் முகவரியைத் தாமே திறக்கக் கற்பது அடுத்த படி. மீட்புக்குரிய தொலைபேசி இலக்கமாகத் தமது சொந்த இலக்கத்தையே கொடுக்க வேண்டும். கடைக்காரரின் இலக்கத்தையோ அயலவரின் இலக்கத்தையோ கொடுத்தால் கணக்கும் அவர்களுடையதாகிவிடும். கடவுச்சொல் நீளமாக இருத்தல் நன்று. தமக்கு மட்டும் நினைவிருக்கும் மூன்று நான்கு சொற்களைக் கோத்து அமைக்கலாம். பிறந்த திகதியும் பிள்ளையின் பெயரும் கூடா. மறந்துவிடும் என்ற அச்சமிருந்தால் வீட்டிலுள்ள ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதிலும் அது மேலானது. தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கூறலாகாது. கடைக் கணினியைப் பயன்படுத்த நேர்ந்தால், எழும்பு முன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். அதில் இறக்கிய தமது ஆவணங்களையும் அழித்துவிட வேண்டும்.

ஒரு வீட்டில் ஒருவர்

இவற்றையெல்லாம் யார் கற்பிப்பது? கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் ஒரு வழியைக் காட்டியுள்ளது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாவட்டத்தில், அட்சய என்னும் திட்டம் 2002 நவம்பரில் அன்றைய இந்தியக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் தொடங்கிவைக்கப்பட்டது. வீட்டுக்கு ஒருவரேனும் அடிப்படைக் கணினி அறிவு பெற வேண்டும் என்பதே அதன் இலக்கு. ஊர் தோறும் நடந்து செல்லும் தூரத்தில் நிலையங்கள் திறக்கப்பட்டன. பாடசாலை மாணவர் என்றோ பட்டதாரி என்றோ வரையறுக்காமல், குடும்பத்தை அலகாகக் கொண்டமையே அத்திட்டத்தின் சிறப்பு.

இலங்கையிலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் நெனசல எனப்படும் அறிவகங்களை நாடெங்கும் நிறுவியது. அத்திட்டம் 2014 இல் பில் - மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதையும் பெற்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. ஜேர்மனியின் உதவியுடன் நிறுவப்பட்ட தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்குள்ளது. உயர்கல்விக்கான கட்டடங்கள் எழுந்துவிட்டன. வட்டக்கச்சியின் வயல் வரம்பிலிருந்து அக்கட்டடங்களை நோக்கிச் செல்வதற்கு ஒரு முதற்படிதான் தேவை.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாடசாலைகளின் கணினிக்கூடங்கள் பிற்பகலில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரு நாட்கள் அவற்றைப் பெற்றோருக்குத் திறந்துவிடலாம். போரிற் கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு அமைய வேண்டும். இருட்டுமுன் வீடு திரும்பவும் வேண்டும் அல்லவா? பொது நூலகங்கள், ஆலய மண்டபங்கள், பள்ளிவாசல் கட்டடங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியனவும் இப்பணிக்கு உகந்தவை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவரைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பாரா? ஆனால் அவர்கள் ஒரு விதியைக் கடைப்பிடிக்க வேண்டும். சுட்டியைத் தாயின் கையிலிருந்து பறிக்கக் கூடாது. 'தாங்கோ அம்மா, நான் செய்து தாறன்' என்ற அன்பான சொல்லே அந்தத் தாயின் கல்விக்குப் பெரும் தடையாகின்றது. மகன் இரண்டு நிமிடத்தில் முடிப்பதைத் தாய் இருபது நிமிடத்தில் முடிக்கட்டும். அடுத்த முறை பத்து நிமிடமே ஆகும்.

குப்பி விளக்கில் படித்த தலைமுறை, டைனமோவில் வானொலி இயக்கிய தலைமுறை, இருந்ததைக் கொண்டு இல்லாததைச் சமாளித்த தலைமுறை அது. அவர்களுக்குக் கணினி கடினமானதன்று. தம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தாமே தேடியெடுத்து, தாமே எழுதிய தமிழ்க் கடிதத்துடன் இணைத்து, தமக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல்லால் திறந்த முகவரியிலிருந்து அனுப்பும் நாளில், வட்டக்கச்சித் தாய் ஒருவர் கணினி அறிவு பெற்றவராவார். அதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை.